இடமும் பொருளும்: சட்டம் கற்கச் சென்ற ஒடுக்கப்பட்டோர் வரலாறு

கல்விக் கழகம் ஒன்று 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும்பொழுது, இதுகாறும் எத்தனை மாணவர்க்கு எவ்வளவு பொருளுதவி செய்தோம் என்று கணக்குப் பார்ப்பது இயல்பே. அக்கணக்கு வேண்டற்பாலதே. ஆயினும், அப்பொருள் எப்பொழுது கொடுக்கப்பட்டது, எத்தனை காலம் தொடர்ந்தது, எந்த வாயிலைத் திறந்துவிட்டது என்னும் வினாக்களும் அத்துடன் எழுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு வரலாறு நமக்குப் பெருந்துணை புரியும்.

கல்வித் துறைகள் பலவற்றுள்ளும் சட்டக் கல்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவம் கற்றவர் நோயைத் தீர்க்கிறார். பொறியியல் கற்றவர் பாலம் அமைக்கிறார். சட்டம் கற்றவரோ, தம் மக்களைக் குளத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலக்கி வைத்த விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை எழுதுவதற்கு எவர்க்கு உரிமை இருந்தது என்று கேட்கும் ஆற்றலைப் பெறுகிறார். அவ்வாறு கேட்பவர் பெருகுவதை ஆதிக்கம் செலுத்துவோர் எந்நாட்டிலும் விரும்பியதில்லை. ஆகவேதான் சட்டக் கல்லூரியின் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எளிதில் திறக்கவில்லை.

அவ்வாயிலைக் கடந்து உள்ளே செல்வதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, கல்லூரியில் இடம். மற்றொன்று, கற்று முடிக்கும் வரையில் பொருள். இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் ஒன்றல்ல. இடம் கிடைத்துப் பொருளின்றித் திரும்பியவரும் உண்டு. பொருள் கிடைத்து இடமின்றி நின்றவரும் உண்டு. பொருளைக் கையில் கொடுத்தே இடத்தை மறுத்த அரசுகளும் உண்டு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இவ்வுண்மையைக் காண்போம்.

1. இடம் இருந்தது, பொருள் தீர்ந்தது

அண்ணல் அம்பேத்கரின் சட்டக் கல்வியை நாம் பெரும்பாலும் வெற்றியின் வரலாறாகவே படித்திருக்கிறோம். அதனைப் பணத்தின் வரவு செலவு வரலாறாகவும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

அவர் 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தேறினார். 1913 பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி மறைந்தார். அவ்வாண்டிலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை அவரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சென்றது. திங்கள் ஒன்றுக்குப் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்த பின்னர்ப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை.

1915இல் எம்.ஏ. பட்டம் பெற்று, ஆய்வுரையும் எழுதி முடித்த அம்பேத்கர், 1916இல் இலண்டன் சென்றார். அங்கே ஒரே காலத்தில் இரண்டு படிப்புகளை மேற்கொண்டார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் பொருளியல். கிரேஸ் இன் என்னும் பாரிஸ்டர் கழகத்தில் சட்டம். இரண்டிடத்தும் அவருக்கு இடம் கிடைத்தது. தகுதியைப் பற்றிக் கேள்வி எழவில்லை. ஆனால் உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்தால் படிப்பைத் தொடரலாம் என்னும் இசைவு ஒன்றே அன்று அவர் கையில் இருந்த செல்வம்.

உடன்படிக்கைப்படி பரோடாவுக்குப் பணியாற்றச் சென்ற அவருக்கு அந்நகரில் தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. தீண்டப்படாதவர் என்பதனால் விடுதிகள் இடம் தரவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கிய செய்தி வெளிப்பட்டதும் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். கல்விக்குப் பொருள் கொடுத்த அரசின் தலைநகரிலேயே, கற்று வந்தவர் ஓர் இரவு தங்குவதற்கு இடமில்லை. உதவித்தொகை ஒரு மனிதனைக் கடல் கடத்தி அனுப்பவல்லது. அவன் திரும்பி வரும் ஊரை அது மாற்றிவிடுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. அப்பணியின் ஊதியத்தில் சிக்கனமாக வாழ்ந்து மிச்சம் பிடித்தார். நண்பர் நவல் பாதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரும் உதவினார். இவ்வாறு சேர்த்த பொருளுடன் 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, அரை வயிற்று உணவுடன் நூலகங்களில் பகலைக் கழித்து, 1922இல் பாரிஸ்டரானார். 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

கதை அங்கே முடியவில்லை. பம்பாய் திரும்பி வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்குச் சனது பெற வேண்டும். அதற்குரிய கட்டணத்தைக் கட்ட, இரண்டு கண்டங்களில் பட்டம் பெற்ற அவ்வறிஞரிடம் பணம் இல்லை. அதற்கும் பாதேனாவே கை கொடுத்தார். 1923ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் அம்பேத்கர் தம் தொழிலைத் தொடங்க முடிந்தது.

கிரேஸ் இன்னில் சேர்ந்தது 1916; பாரிஸ்டரானது 1922. இடையே மூன்றாண்டுகள் படிப்பு நின்று கிடந்தது. அறிவுக் குறைவினால் அன்று. உழைப்புக் குறைவினால் அன்று. பொருள் தீர்ந்தமையால் நின்றது. அம்பேத்கரைப் போன்ற மனவுறுதியும், பாதேனாவைப் போன்ற நண்பரும் வாய்க்காத எத்தனையோ பேர் அந்த இடைவெளியிலேயே நின்றுபோயிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1935 ஜூன் திங்களில் அம்பேத்கர் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வரானார். சனதுக்குப் பணமின்றி நின்றவர் சட்டக் கல்லூரிக்கே தலைவரானது நம் மக்களின் வரலாற்றில் ஒரு திருப்பம். அதே 1935 ஜூன் திங்களில், அவர் இளமையில் பயின்ற அமெரிக்க நாட்டில், கறுப்பின இளைஞர் ஒருவரைச் சட்டக் கல்லூரி ஏற்க வேண்டுமா என்னும் வழக்கு ஒரு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

2. தாயின் மோதிரங்கள்

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. சட்டத்தின் முன் அனைவர்க்கும் சமப் பாதுகாப்பு உண்டு என்னும் பதினான்காவது திருத்தம் 1868இல் வந்தது. எனினும் 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனி ஏற்பாடுகள் இருக்கலாம், அவை சமமாக இருந்தாற் போதும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் 'தனி' என்னும் பகுதியைத் தென்மாநிலங்கள் தவறாமல் கடைப்பிடித்தன. 'சமம்' என்னும் பகுதியை மறந்தன.

மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் 1908இல் பிறந்தவர் தர்குட் மார்ஷல். தந்தையார் இரயில் உணவுப் பெட்டியிலும், வெள்ளையர்க்கு மட்டுமே உரிய மன்றமொன்றிலும் பணிபுரிந்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. 1930இல் கல்லூரிப் படிப்பை முடித்த மார்ஷல் சட்டம் கற்க விரும்பினார். அவர் பிறந்த நகரிலேயே மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் அது கறுப்பர்க்குத் திறக்கவில்லை. எனவே அண்டையிலிருந்த வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தை நாடினார். கறுப்பின மக்களுக்கென 1869இல் தொடங்கிய சட்டப் பள்ளி அங்கே இருந்தது.

கட்டணம் கட்டுவதற்கு அவர் தாயார் தம் திருமண மோதிரத்தையும் நிச்சய மோதிரத்தையும் அடகு வைத்தார். தாலியை அடகு வைத்து மகனைப் படிக்கவைத்த தாய்மார்களை நம் ஊர்களில் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. விடுதியில் தங்குவதற்குப் பணம் இல்லாமையால், மார்ஷல் ஒவ்வொரு நாளும் பால்டிமோரிலிருந்து வாஷிங்டனுக்குச் சென்று திரும்பினார். 1933இல் தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

அப்பள்ளியைச் செம்மைப்படுத்தியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன். ஹார்வர்டில் சட்டம் பயின்ற இக்கறுப்பின அறிஞர், மாலைப் பள்ளியாக இருந்ததை முழுநேரப் பள்ளியாக மாற்றி, 1931இல் அமெரிக்க வழக்கறிஞர் மன்றத்தின் ஒப்புதலையும் பெற்றார். தம் மாணவர்கள் பட்டம் பெற்றுப் பிழைத்துக்கொண்டாற் போதும் என்று அவர் எண்ணவில்லை. தம் மக்களின் உரிமைக்கு வழக்காட வல்லவர்களாக அவர்களை உருவாக்கினார். தனி ஏற்பாட்டை உடைக்கும் வழக்குகளைச் சட்டக் கல்லூரிகளிலிருந்தே தொடங்குவது அவர் வகுத்த வழிகளுள் ஒன்று. நீதிபதிகள் அனைவரும் சட்டக் கல்லூரியில் பயின்றவர்கள். நல்ல சட்டக் கல்லூரி எது, பெயருக்கு நடப்பது எது என்று அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை அன்றோ!

3. திருப்பி அனுப்பிய விண்ணப்பம்

1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொனால்டு மரே என்னும் கறுப்பின இளைஞர் மேரிலாந்துச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவர் புகழ்பெற்ற ஆம்ஹர்ஸ்டு கல்லூரியின் பட்டதாரி. விண்ணப்பமும் அதனுடன் அனுப்பிய கட்டணமும் திரும்பி வந்தன. தகுதியை ஆராய்ந்து மறுக்கவில்லை. நிறத்தைக் கண்டு மறுத்தனர். வெளிமாநிலம் சென்று படித்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

அதற்கென மாநில அரசு ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் ஒதுக்கி, வெளிமாநிலம் சென்று பயிலும் கறுப்பின மாணவர்க்குத் தலைக்கு 200 டாலர் வீதம் உதவித்தொகை வழங்குவது என்பதே அது. 200 டாலர் வீதம் பகிர்ந்தால் 50 பேருக்கே போதும். கேட்டு வந்தவர்களோ அதைவிட மிகப் பலர். மேலும், அத்தொகை பயிற்சிக் கட்டணத்துக்கு ஆகலாம். வழிச்செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் ஆகாது.

மரேயின் சார்பில் ஹியூஸ்டனும் மார்ஷலும் வழக்காடினர். தமக்கு இடம் தராத கல்லூரியின் மீதே மார்ஷல் வழக்குத் தொடுத்தார். 1935 ஜூனில் நகர நீதிமன்றம் மரேயைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. உதவித்தொகை கிடைப்பது உறுதியன்று என்பதையும், கிடைத்தாலும் வெளியூரில் வாழும் செலவு மாணவன் தலையில் விழும் என்பதையும், தான் தொழில் செய்யப்போகும் மாநிலத்தின் சட்டத்தை அங்கேயே கற்கும் வாய்ப்பை அவன் இழக்கிறான் என்பதையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது. 1938இல் மரே அக்கல்லூரியிலேயே பட்டம் பெற்றார்.

இதே போராட்டம் மிசூரி மாநிலத்தில் இன்னும் கடுமையாக நடந்தது. லாயிட் கெய்ன்ஸ் 1935இல் கறுப்பர்க்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவர் எங்கே பயின்றவர் என்பது தெரியும் வரையில் அலுவலகம் முறையாகவே பதில் எழுதியது. தெரிந்த பின்னர், வெளிமாநிலத்தில் பயிலும் வழியைக் கலந்து பேசுமாறு அறிவுரை வந்தது. அம்மாநிலத்தில் 1921ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருந்தது. கான்சஸ், நெப்ராஸ்கா, அயோவா, இல்லினாய் ஆகிய அண்டை மாநிலங்களில் கறுப்பின மாணவர் பயின்றால் பயிற்சிக் கட்டணத்தை மிசூரி அரசே செலுத்தும் என்பது அச்சட்டம்.

வெளியிலிருந்து காண்போர்க்கு இது தாராளமான உதவி என்றே தோன்றும். கட்டணத்தை அரசே கட்டுகிறது. பிறகு என்ன குறை என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அப்பணத்தின் நோக்கம் கல்வியைக் கொடுப்பதன்று. மாணவனை எல்லைக்கு அப்பால் அனுப்புவது. கெய்ன்ஸ் அப்பணத்தை ஏற்க மறுத்து வழக்காடினார். 1938 டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிற மாநிலங்கள் என்ன தருகின்றன என்பது கேள்வியன்று. மிசூரி தன் எல்லைக்குள் வெள்ளையர்க்குத் தருவதைக் கறுப்பர்க்கும் தருகிறதா என்பதே கேள்வி. வெளியூர்க் கட்டணத்தைச் செலுத்திவிடுவதனால் அப்பாகுபாடு நீங்கிவிடாது என்பது தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் பயனைக் கெய்ன்ஸ் நுகரவில்லை. மாநில அரசு அவரை ஏற்பதற்குப் பதிலாகக் கறுப்பர்க்கெனத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றை அவசரமாக அமைக்க முற்பட்டது. அதற்கிடையில், 1939 மார்ச்சு 19ஆம் நாள் சிகாகோ நகரில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே சென்ற கெய்ன்ஸ் திரும்பவேயில்லை. அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை அறியப்படவில்லை. அவரை ஏற்க மறுத்த பல்கலைக்கழகம் 2006இல் அவருக்குச் சட்டத்தில் மதிப்புறு பட்டம் வழங்கியது.

4. பொருள் வந்தது, வாயில் திறக்கவில்லை

பாலி மரே என்னும் பெண்மணியின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1938இல் வடக்குக் கரோலைனாப் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவர் என்பதற்காக இவரை மேற்படிப்பில் சேர்க்க மறுத்தது. பின்னர் ஹோவர்டில் சட்டம் பயின்று 1944இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். மேற்கொண்டு ஹார்வர்டில் பயில்வதற்கு ரோசன்வால்டு அறநிதியின் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் ஹார்வர்டு சட்டப் பள்ளியோ, பெண்களைச் சேர்ப்பதில்லை என்று கூறிவிட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டே அவருக்காகக் கடிதம் எழுதியும் பயனில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பது நம் ஊர்ப் பழமொழி. பாலி மரேயின் நிலை அதுவாகவே இருந்தது. அவர் கலிபோர்னியா சென்று பயின்றார். ஹார்வர்டு சட்டப் பள்ளி பெண்களுக்குத் திறந்தது 1950இல்தான்.

இனத்தின் பெயரால் ஒரு கதவு, பெண் என்னும் பெயரால் இன்னொரு கதவு என இரண்டு கதவுகள் ஒருவர் முன்னேயே அடைபட்டதை இவ்வரலாறு காட்டுகிறது. நம் சமுதாயத்துப் பெண் மக்களுக்கு உதவி செய்ய நினைப்போர் இதனை மறத்தல் கூடாது.

5. பெயருக்கு ஒரு கல்லூரி

இடம் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், இடம் என்னும் பெயரில் வேறொன்றைக் கொடுக்க முயன்றனர். 1946இல் ஓக்லஹோமாவில் ஏடா லோயிஸ் சிப்புவேல் என்னும் பெண்மணி சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சட்டக் கல்வி தந்தாக வேண்டும் என்றதும், மாநில அரசு தலைமைச் செயலகக் கட்டடத்தின் சில அறைகளில் ஒரு 'சட்டப் பள்ளி'யைத் திறந்தது. சிப்புவேல் அதில் சேர மறுத்தார். 1949இல் மாநிலப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. ஏற்றும், வகுப்பில் பிறரிடமிருந்து பிரித்து, 'கறுப்பர்' என்று எழுதிய தனி நாற்காலியில் அமர்த்தியது. பள்ளியின் பின்வரிசையில் தனியே உட்காரவைக்கப்பட்ட நம் பெரியவர்களுக்கு அந்நாற்காலி புதியதன்று. சிப்புவேல் 1951இல் தேறினார். 1992இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவிலேயே உறுப்பினராக அமர்த்தப்பட்டார்.

டெக்சாஸ் மாநிலத்து அஞ்சற்காரர் ஹீமன் சுவெட்டும் 1946இல் விண்ணப்பித்தார். அவருக்காகவும் ஒரு தனிப் பள்ளி அமைக்கப்பட்டது. 1950 ஜூன் 5ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒப்பிட்டது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000க்கு மேற்பட்ட நூல்கள். தனிப் பள்ளியில் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், ஏறத்தாழ 16,500 நூல்கள். இவ்வெண்களைவிட முக்கியமான ஒன்றையும் நீதிமன்றம் எடுத்துரைத்தது. மாநில மக்களில் 85 விழுக்காட்டினரை விலக்கிவைத்த ஓர் இடத்தில் பயிலும் மாணவன், நாளை நீதிமன்றத்தில் தான் எதிர்கொள்ளப்போகும் வழக்கறிஞர்களையும் நீதிபதிகளையும் அறியாமலே பயில்கிறான் என்பதே அது.

சுவெட்டு வென்றார், சேர்ந்தார், ஆனால் படிப்பை முடிக்கவில்லை. நான்காண்டு வழக்கின் களைப்பும் உடல்நலக் குறைவும் அவரை வீழ்த்தின. 1952இல் வெளியேறினார். கதவைத் திறந்தவரே அதன் வழியாகச் சென்று பயனடைவது எப்பொழுதும் நிகழ்வதில்லை. வாயிலைத் திறப்பதற்கு ஆகும் விலையும் கல்விச் செலவின் ஒரு பகுதியே. அதனை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

6. முடியும் வரை நின்ற உதவி

இவற்றுக்கு மாறாக, செய்ய வேண்டிய முறையில் செய்த உதவி ஒன்றையும் காண்போம். கான்ஸ்டன்ஸ் பேக்கர் 1921இல் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பிள்ளைகள் பன்னிருவருள் ஒருவர். தந்தையார் யேல் பல்கலைக்கழக மாணவர் மன்றங்களில் சமையற்காரர். பள்ளிப் படிப்பை முடித்த பின் கல்லூரிக்குச் செல்ல வழியில்லை. ஊரிலிருந்த சமுதாயக் கூடமொன்றின் கூட்டத்தில், கறுப்பின மக்கள் அக்கூடத்திற்கு வாராமைக்குக் காரணம், அதன் நிருவாகத்தில் அவர்களுக்குப் பங்கில்லாமையே என்று அவர் துணிந்து பேசினார். அக்கூடத்திற்குப் பொருள் கொடுத்த வெள்ளையர் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ அப்பேச்சைக் கேட்டிருந்தார். சினம் கொள்வதற்குப் பதிலாக அவரை அழைத்து, ஏன் கல்லூரியில் இல்லை என்று கேட்டார். பணமில்லை என்பது விடை. என்ன படிக்க விருப்பம் என்ற கேள்விக்கு, சட்டம் என்றார்.

பிளேக்ஸ்லீ கல்லூரிக் கட்டணத்தையும், அதன் பின் சட்டக் கல்லூரிக் கட்டணத்தையும் செலுத்தினார். கான்ஸ்டன்ஸ் 1943இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டமும், 1946இல் கொலம்பியாவில் சட்டப் பட்டமும் பெற்றார். அண்ணல் அம்பேத்கர் பயின்ற கொலம்பியாதான் அது. அதே 1946இல்தான் அண்ணல் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். தீண்டப்படாதார் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒப்புமையையும் அதில் சுட்டினார்.

திருமணத்திற்குப் பின் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என வழங்கப்பட்ட அவர், தர்குட் மார்ஷலுடன் பணியாற்றி, பள்ளிகளில் இனப் பிரிவினையை வீழ்த்திய 1954ஆம் ஆண்டு வழக்கிற்கு உழைத்தார். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் கதவை 1962இல் திறந்த வழக்கை நடத்தினார். 1966இல் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணியானார். மார்ஷல் 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். அடகுக்குப் போன மோதிரங்களும், ஒரு வணிகர் கட்டிய கட்டணமும் ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்தி எழுதின எனலாம்.

7. தனிமனிதர் கருணையிலிருந்து அரசின் கடமைக்கு

மன்னர் கொடுத்தார், நண்பர் கொடுத்தார் என்னும் நிலை எல்லார்க்கும் வாய்ப்பதன்று என்பதை அம்பேத்கர் தம் வாழ்விலேயே உணர்ந்தவர். அதனால்தான் வைசிராயின் ஆட்சிக் குழுவில் இருந்தபொழுது, பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கு அரசே பொருள் ஒதுக்க வேண்டும் என 1942இல் கோரிக்கை வைத்தார். 1944இல் அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பள்ளி இறுதிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகையின் வேர் அதுவே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைப் பம்பாயில் நிறுவினார். அக்கழகத்தின் சித்தார்த்தா சட்டக் கல்லூரி 1956இல் தோன்றியது.

அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு நலிந்த பிரிவினரின், சிறப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைப் பேணுவதை அரசின் பொறுப்பாக்கியது. இடத்தைப் பற்றிய கேள்வி சென்னை மாகாணத்திலிருந்து எழுந்தது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்த சென்னை அரசின் ஆணை செல்லாது என 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அவ்வாண்டிலேயே முதல் திருத்தத்தின் வாயிலாக 15(4) ஆம் பிரிவு சேர்ந்தது. அப்பொழுது சட்ட அமைச்சர் அம்பேத்கர். இவ்வாறு பொருளுக்கு ஒரு பிரிவும் இடத்துக்கு ஒரு பிரிவும் நம் சட்டத்தில் அமைந்தன.

உதவித்தொகைச் செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்வதில் நீண்ட காலம் இடர்ப்பாடு இருந்தது. 2020 டிசம்பரில், அச்செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்பதென அமைச்சரவை முடிவு செய்தது. படிப்பு முடிந்த பின் எழும் சனதுக் கட்டணமும் 1923உடன் ஒழிந்துவிடவில்லை. வழக்கறிஞர் சட்டம் 1961, பதிவுக் கட்டணத்தைப் பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய் என்றும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு 125 ரூபாய் என்றும் வரையறுத்திருந்தது. எனினும் மாநில வழக்கறிஞர் மன்றங்கள் பல பெயர்களில் பல ஆயிரம் ரூபாய் பெற்று வந்தன. 2024 ஜூலை 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாறு மிகுதியாகப் பெறுவது சட்டத்திற்கு மாறானது என்றும், ஒடுக்கப்பட்ட பிரிவினரைத் தொழிலுக்குள் வாராமல் தடுப்பது என்றும் தீர்ப்பளித்தது. அம்பேத்கர் சனதுக்குக் கை நீட்டி நின்றது முதல் இத்தீர்ப்பு வரையில் கடந்தவை 101 ஆண்டுகள்.

8. நமக்குரிய பாடம்

இவ்வரலாறுகளிலிருந்து நம் கல்விக் கழகங்கள் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, உதவி படிப்பு முடியும் வரை நிற்க வேண்டும். முதலாண்டில் மாலையிட்டுக் கொடுத்து மூன்றாமாண்டில் கைவிடும் உதவி, 1917ஆம் ஆண்டுக் கப்பலில் மாணவனை ஏற்றிவிடும் உதவியே. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் பிள்ளைக்கு ஐந்தாண்டுக்கும் வழி சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, கட்டணம் மட்டும் செலவன்று. விண்ணப்பக் கட்டணம், நுழைவுத் தேர்வுச் செலவு, விடுதி, நூல், இறுதியில் சனது, சனதுக்குப் பின் வருவாயின்றி மூத்தவரிடம் பயிலும் தொடக்க ஆண்டுகள் ஆகிய இவை அனைத்தும் கணக்கில் சேர வேண்டும். அரசின் உதவித்தொகை காலந்தாழ்ந்து வரும் இடங்களில், அது வரும் வரையில் கைம்மாற்றுக் கொடுப்பதும் பெருந்தொண்டு. பாதேனா செய்தது அதுவே.

மூன்றாவது, எந்த உதவியைக் கண்டாலும் அது வாயிலைத் திறக்கிறதா, வாயிலிலிருந்து விலக்குகிறதா என்று கேட்டல் வேண்டும். உனக்கு இது போதும், உனக்கு அந்தக் கல்லூரி எதற்கு என்று சொல்லிக் கொடுக்கும் பணம் மிசூரிப் பணம். சிறந்த கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, பணம் கொடுப்பதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

நான்காவது, உதவி பெற்றவரும் ஒரு கடன்பட்டவரே. அக்கடன் கொடுத்தவர்க்குத் திருப்ப வேண்டியதன்று. பின்னே வருபவர்க்குச் செலுத்த வேண்டியது. மார்ஷல் தம் தாயின் மோதிரங்களுக்கு ஈடாக மரேயின் வழக்கை நடத்தினார். தாம் பெற்ற உதவித்தொகைக்கு ஈடாக அம்பேத்கர் ஓர் இனத்துக்கே உதவித்தொகையைப் பெற்றுத் தந்தார்.

இக்கழகத்தின் உதவியால் கற்று நிலைபெற்றோர் இவ்வெள்ளி விழா நாளில் தம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பாராக. நமக்காக அடகு போன நகை எது, நமக்காகக் கையெழுத்திட்ட நண்பர் எவர் என்று நினைந்து பார்ப்பாராக. வரும் கல்வியாண்டில் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளை ஒன்று நம் தெருவில் இருக்கும். அப்பிள்ளைக்கு இடமும் பொருளும் ஒருசேரக் கிடைக்கச் செய்வதே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.